நேர்காணலுக்கு அம்மாவாகப் போகிறேன்

நைனா,

நைட் டூட்டி முடிச்சு வந்ததும் பட்டினியா படுத்துக்காதே. ராகி மாவைக் கிண்டி முத்தை உருட்டி மூடி வெச்சிருக்கேன். அவரைக்கொட்டை சாறு அடுப்பு மேல இருக்கு, சுட வெச்சுக்கோ. மத்தியானம் சந்தாபுரா அத்தை வருவாங்க. நான் எங்கேன்னு கேட்டா மறைக்காம சொல்லிடு.

இன்னிக்குத்தான் அந்தக் காலேஜ்ல இன்டர்வியூ. சமுதாயக் கல்லூரியில நான் படிச்சதை ஏத்துக்கிட்டு, இதுல தேறினா பி.ஏ. ரெண்டாம் வருஷத்துலயே சேத்துக்குவாங்க. நாடகமும் இங்கிலீஷும், ரெண்டுமே மெயின். நல்லா தெரிஞ்ச ஒருத்தரை நடிச்சுக் காட்டச் சொல்லியிருக்காங்க.

"செத்துப்போனவளை நாலு பேர் முன்னாடி கொண்டுபோய் நிறுத்துவியா?"ன்னு நேத்து கேட்டே. எனக்கு அழுகைதான் வந்துச்சு. அம்மா போனதிலிருந்து நீ அவங்க பேரையே எடுக்கறதில்லை. போட்டோவையும் பீரோவுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டே. நான் அவங்களை எங்கே வெச்சுக்கறது நைனா?

அவங்க தண்ணி லாரிக்காரன்கிட்ட கன்னடத்துல சண்டை போடறது, ஆஸ்பத்திரியில உன் கையைப் புடிச்சுக்கிட்டு "வீட்டுக்குப் போலாம்"னு கெஞ்சினது, எல்லாமே எனக்கு அப்படியே வருது. அம்மாவைத்தான் நடிக்கப் போறேன். கோவம் இருந்தா இருக்கட்டும், சாப்பிட்டுட்டுப் படு.

தமயந்தி

வெளியே போனா சாவியைப் பக்கத்து வீட்டு ஷாந்தாக்காகிட்ட குடு.

இன்னொண்ணு. அம்மா சிரிப்பு மட்டும் எனக்கு வரவே மாட்டேங்குது. உன்கூட இருக்கறப்பதான் அவங்க நிறைய சிரிப்பாங்க. சாயங்காலத்துக்குள்ள இன்டர்வியூ முடிஞ்சிருக்கும், பரவாயில்லை. நான் வந்ததும் அந்தச் சிரிப்பு எப்படின்னு சொல்லு.