ஆறு பேருக்கும் தெரியும்

அன்று பிரசவ அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, இரண்டு நர்ஸ்கள், ஆயா, உங்கள் அம்மா. கதவுக்கு வெளியே நீங்கள். குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது ஆறு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

ரசத்தைச் சுட வைத்துச் சாப்பிடுங்கள். நான் துடியலூரில் அம்மா வீட்டில் இருப்பேன். பக்கத்துக் கடைக்குப் போன் செய்து கூப்பிட வேண்டாம்.

“தெரிஞ்சா நீ முக்கியிருக்க மாட்டே” என்று நாற்பது நாள் கழித்து நேற்றுத்தான் சொன்னீர்கள். நாள் தள்ளிப்போனதால்தான் வலி வர மருந்து ஏற்றுகிறார்கள் என்று நம்பிப் பதினாறு மணி நேரம் கிடந்தேன். “இன்னும் கொஞ்சம் அம்மணி, பாப்பாவுக்கு உன்னைப் பாக்கோணுமாம்” என்றாள் ஆயா. “பேரு யோசிச்சுட்டியா கண்ணு?” என்று உங்கள் அம்மா கேட்டார். அந்த வலியிலும் சிரித்துக்கொண்டே ஷைமா என்றேன்.

மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்ததால்தான் இப்படி ஆனது என்கிறார் உங்கள் அம்மா இப்போது. ஐந்தாம் மாதமே வேலையை விட்டுவிட்டேன். சொல்லிக்கொள்ளட்டும்.

ஞாயிற்றுக்கிழமை என் துணிகளை எடுக்கத் தம்பி ஆரிஃப் வருவான். ஷைமாவின் முகம் எப்படி இருந்தது என்று இந்தச் சீட்டின் பின்னால் எழுதி அவனிடம் கொடுங்கள். அது வராமல் நான் வர மாட்டேன்.

சாவி பக்கத்து வீட்டில்.

இன்னொன்று. உள்ளே வந்து, துணியில் சுற்றிய அவளை வாங்கிக்கொண்டு நீங்கள் போனபோது, “ஒருக்கா காட்டுங்க” என்று கத்தினேன். நின்றீர்கள். திரும்பவில்லை. நீங்கள் வெளியே போனதும் ஆயா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.