கூரைப் பாலத்துக்குள் கோரா

செப்டம்பர் 14, சனி

ஆற்று வளைவில் நிற்கும் மேப்பிள் மரம் ஒரு பக்கம் மட்டும் சிவந்திருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் என் புருஷன் எல்டன் வேனைக் கழுவ ஆரம்பிப்பான். இலை சிவக்கிற இந்த சீசனுக்கு இன்று முதல் சுற்றுலா. தேவாலய வாசலில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, மரச்சுவரும் கூரையுமாக உள்ளே இருட்டிக் கிடக்கும் பழைய கூரைப் பாலங்கள் எல்லாவற்றையும் காட்டி, ஆப்பிள் சாறு பிழியும் ஆலையில் நிறுத்தி, சாயங்காலம் திரும்ப வேண்டும். நான் போவதில்லை. ஒரே கதையை அவன் வாயால் எத்தனை வருடம் கேட்பது?

வழியனுப்பப் போனேன். முன் இருக்கையில் கோரா உட்கார்ந்திருந்தாள். தபால் நிலையத்தில் இருந்து ஓய்வு பெற்றவள், புருஷன் இல்லாதவள். புது நீலத் துண்டு ஒன்றைக் கழுத்தில் சுற்றியிருந்தாள்.

"பின்னாடி உக்காந்தா அவளுக்குத் தலை சுத்துதாம்," என்றான் எல்டன். நான் கேட்கவேயில்லையே.

செப்டம்பர் 21

இந்த வாரமும் முன் இருக்கை. தலை சுற்றுகிறவள் காலை உணவுக்கு எண்ணெயில் பொரித்த டோனட் கட்டிக்கொண்டு வருவாளா?

செப்டம்பர் 24, செவ்வாய்

கோழித்தீவனம் வாங்கப் போகிறேன் என்று எல்டன் நகரத்துக்குக் கிளம்பினான். கோராவின் காரில். அவளுக்கும் அங்கே வேலையாம். மாலையில் வந்தான். தீவனம் வரவில்லை. "மறந்துட்டேன்," என்றான். எதற்குப் போனானோ அதையே மறக்கிற மனுஷனா இவன்?

செப்டம்பர் 28, சனி

ஆற்றங்கரை வீட்டு பியர்ல் வந்தாள். ஹேல் பாலத்தின் நடுவே பக்கவாட்டில் ஒரு ஜன்னல் உண்டு. அதற்கு நேர் கீழே, கரையில் இவள் தோட்டம். இவள் அங்கே பூசணி பறிப்பதைவிட ஜன்னலைப் பார்ப்பதுதான் அதிகம். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் காபி ஊற்றிக் கொடுத்தேன்.

"நான் ஒண்ணும் சொல்ல வரலை, தெல்மா."

"அப்ப சொல்லாதே."

"வண்டி ஜன்னல் பக்கம் வந்தப்ப மெதுவாப் போச்சு. கோரா அப்படியே சாஞ்சு, உன் வீட்டுக்காரன் காதுகிட்ட வாயைக் கொண்டு போனா. பாலத்துக்குள்ள முத்தம் குடுக்கிறது நம்ம ஊர் வழக்கம்தானே. நான் குத்தமே சொல்லலை."

வழக்கம்தான். பாலத்துக்குள் நுழைந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பவருக்கு முத்தம் கொடுக்க வேண்டும். எல்டன் அதைச் சொல்லித்தான் வெளியூர்க்காரர்களைச் சிரிக்க வைப்பான். எனக்கு முதன்முதலில் முத்தம் கொடுத்ததும் அந்த ஹேல் பாலத்தில்தான். வேறு பாலம் கிடைக்கவில்லையா இவர்களுக்கு?

பியர்ல் போன பிறகு காபிக் கோப்பையை இரண்டு முறை கழுவினேன்.

அக்டோபர் 5, சனி

சமையலறையில் ஆப்பிளுக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தேன். ஹேல் பாலத்துப் பக்கமிருந்து ஹாரன் சத்தம். வேனின் ஹாரன். நீளமாக.

எல்டனா ஹாரன் அடித்தான்? உள்ளூர்க்காரன் எவனும் பாலத்தில் ஹாரன் அடிக்க மாட்டான். ஒரு வண்டி மட்டும் போகிற வழி. நுழைவதற்கு முன் மறுமுனையின் வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். வெளிச்சம் முழுதாக இருந்தால் போகலாம். நடுவில் கறுப்பு தெரிந்தால் யாரோ வருகிறார்கள், நிற்க வேண்டும். அவ்வளவுதான். ஹாரன் அடிப்பவர்களைப் பார்த்து, "கண்ணை ஊர்ல வச்சிட்டு வந்துட்டாங்க," என்று கேலி செய்தவன் இவன்.

இப்போது யாருக்காக அடிக்கிறான்? நான் சமையலறை ஜன்னலில் இருக்கிறேனா என்று பார்ப்பதற்கா? இல்லை, அவளுக்கு ஏதாவது சைகையா? எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

மறுபடியும் கோராவோடு நகரம். திரும்பி வந்ததும் கேட்டுவிட்டேன்.

"அவளோட என்ன வேலை உனக்கு?"

"நீ நினைக்கிற மாதிரி இல்ல, தெல்."

"நான் என்ன நினைக்கிறேன்னு சொல்லு பார்ப்போம்."

விறகு பிளக்கக் கொட்டகைக்குப் போனான். வெயிலில் இருந்து உள்ளே போனவன், கோடரியை ஓங்கிக் கட்டையை விட்டுவிட்டு மண்ணில் போட்டான். இன்னொரு தரமும் மண்ணில். குறி தவறட்டும், குற்றமுள்ள நெஞ்சு என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நிஜம்.

சனிக்கிழமை நானும் வேனில் ஏறப் போகிறேன். அவனிடம் சொல்லப் போவதில்லை.

அக்டோபர் 12, சனி

எங்கே ஆரம்பிப்பது.

ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் கோராவின் முகம் வெளுத்தது. எல்டன், "வா வா," என்றான், முகம் திரும்பவில்லை. வேன் நிறைய ஆட்கள். ஒஹையோவில் இருந்து வந்த ஒரு தம்பதி, தேனிலவு ஜோடி ஒன்று. வெளியே இலைகள் தீப்பிடித்த மாதிரி எரிந்துகொண்டிருந்தன, வெயிலில் கண் கூசியது.

ஹேல் பாலம். ஹாரன் அடித்தான். வேன் இருட்டுக்குள் நுழைந்தது. பின்னால் எல்லோரும் மூச்சைப் பிடித்தார்கள், சிரிப்பு, முத்தச் சத்தம். கோரா சாய்ந்தாள். வாய் அவன் காதருகே. நானும் முன்னால் குனிந்தேன்.

"நேரா," என்றாள். "கொஞ்சம் இடது. இன்னும் கொஞ்சம். இப்ப நேராவே போ. எல்டன், நில்லு. நில்லு. வலப்பக்கம் ஒரு ஆளு."

நின்றான். தோளில் குழந்தையை வைத்துக்கொண்டு ஒருவர் மரச்சுவரோடு ஒட்டி நின்றார். வேனின் பக்கக் கண்ணாடி அவர் சட்டையைத் தொடும் தூரம். அவர் கையசைத்தார். எல்டன் அவர் இல்லாத பக்கம் பார்த்துக் கையசைத்தான்.

முத்தமாகவே இருந்திருக்கக் கூடாதா. கடவுளே, முத்தமாகவே இருந்திருக்கலாம்.

பாலத்தைத் தாண்டியதும், "ஓரமா நிறுத்து. இறங்கு," என்றேன்.

"தெல், ஜனங்க இருக்காங்க."

"அதனாலதான் சொல்றேன்."

இறங்கினான். கோரா பின்னால் போனாள், அவள் இடத்தில் எல்டன் உட்கார்ந்தான். மீதிப் பாலங்களுக்கு வேனை நான் ஓட்டினேன். தேனிலவுப் பெண் கைதட்டினாள், இதுவும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்துவிட்டாள் பாவம்.

வீட்டுக்கு வந்துதான் சொன்னான். வெளியில் நன்றாகத் தெரிகிறதாம். வெயிலில் இருந்து இருட்டுக்குப் போனால் அப்படியே ஒன்றும் தெரியாதாம், ஹாரன் அடித்ததும் அதனால்தானாம். செவ்வாய்க்கிழமைகளில் போனது கண் டாக்டரிடம்.

"அவகிட்ட சொல்ல முடிஞ்சுது, எங்கிட்ட முடியலையா?"

"நீ சாவியை வாங்கிக்குவ."

"ஆமா, வாங்கிக்குவேன். அந்தக் குழந்தையைப் பார்த்தியா நீ?"

"எந்தக் குழந்தை?" என்றான்.

அதற்கப்புறம் நான் அழுதேன். அவனும்.

அக்டோபர் 13

சாவி என் மேலங்கிப் பையில்.

அக்டோபர் 15

கோரா வந்தாள், வாசலிலேயே நின்றாள். "கெஞ்சினான், தெல்மா. இந்த ஒரு சீசன் மட்டும்னான்." உதவி என்று நினைத்துச் செய்திருக்கிறாள். அவளை உள்ளே கூப்பிட எனக்கு இன்னும் மனம் வரவில்லை. எல்டனுக்கு இன்னொருத்தி என்று அவளை நினைத்ததற்கு மன்னிப்புக் கேட்கவும் வரவில்லை.

அக்டோபர் 19, சனி

நான் ஓட்டினேன். எல்டன் முன் இருக்கையில். ஒவ்வொரு பாலத்துக்கு முன்னாலும், "வெளிச்சம் முழுசா இருக்கா?" என்று கேட்கிறான். இருக்கிறது என்ற பிறகே கதையை ஆரம்பிக்கிறான். அதே பழைய கதைகள். கோபம் எனக்கு முழுதாகப் போகவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன். அந்த மனிதரின் சட்டை அடிக்கடி கண்ணுக்குள் வருகிறது.

ஹேல் பாலத்தில் ஜன்னலுக்கு நேராக வேனை நிறுத்தினேன். அவன் பதறிவிட்டான்.

"ஏன் நிறுத்திட்ட? யாரு வர்றா?"

"யாரும் வரலை."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவனுக்குப் புரிந்தது. முகத்தைத் திருப்பினான், என் கன்னம் எங்கே என்று கையால் தேடினான். கீழே பூசணித் தோட்டத்தில் பியர்ல் நிமிர்ந்து நின்றாள். நான் அவசரப்படாமல் வண்டியைக் கிளப்பினேன்.