வாசகர் கருத்து வாசிக்க வருகிறவன்

செல்லக்குட்டி,

நீ போய்ச் சேர்ந்த பிறகும் உன் படக்கதை நிற்கவில்லை. ஆண்பிள்ளையையே விரும்புகிற அந்தப் பறக்கும் வீரனை இப்போது உன் சிநேகிதன் வரைகிறான். வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து, வாசகர்கள் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுகிறான். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பது அவனுக்குத் தெரியும்.

அவன் மேல் எனக்குச் சந்தேகம்தான். எல்லாரும் புகழ்கிறார்களாம். ஒருத்தர்கூடத் திட்டவில்லையாம். உலகம் எப்போது இவ்வளவு நல்லதாயிற்று? என்னத்தையோ மறைக்கிறான் என்று பட்டது.

நேற்று அவன் கை கழுவப் போன நேரம், அவன் வாசித்த தாளை எடுத்து மெல்லக் கூட்டிப் பார்த்தேன். "இந்த அசிங்கத்தை நிறுத்துங்க" என்று ஒருவர். "வரைஞ்சவன் செத்ததே நல்லது" என்று இன்னொருவர். அவன் வாசித்ததில் ஒரு வரிகூட அதில் இல்லை.

"ஏண்டா, எல்லாம் உன் சொந்தச் சரக்கா?"

"இதெல்லாம் உங்க காதுல விழ வேணாம்னுதான்மா."

அப்படியானால் போன வாரம் வாசித்ததும் அவனே இட்டுக்கட்டியதுதானே? "வீரன் விளக்கை அணைச்சா பயப்படுவான், அதையும் வரையுங்க" என்று ஒரு வாசகர் கேட்டாராம். உன் கதையில் வீரன் தூங்கினதே இல்லை. பயப்படுகிறவன் நீ. பெற்றவளுக்கு மட்டும்தான் அது தெரியும் என்று இருந்தேன்.

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே அழுதான். அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறேன்.

வந்தால், அவனை நான் என்ன முறை சொல்லிக் கூப்பிட வேண்டும், கண்ணு?

உன் அம்மா