நான்கு போத்தல் பியர்

மார்ச் 14, சனி

தோட்டத் துரையின் பங்களாவுக்கு வந்த கொழும்பு விருந்தாளிகள் தங்களுக்குப் பிடித்த இந்தியா பேல் ஏல் பியரில் நான்கு வகை கொண்டுவந்திருந்தார்கள். எது சிறந்தது என்று அவர்களுக்குள் ஒரே சண்டை.

"நம்ம டீமேக்கரக் கேப்போம்" என்று துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

கதிர்காமம் கோயிலில் சத்தியம் செய்து குடியை விட்டு மூன்று வருடம். ஆனால் ஃபெக்டரியில் தினமும் ருசி பார்க்கத் தேயிலைச் சாயத்தை உறிஞ்சித் துப்புவதுதானே என் வேலை? அதேபோல் கரண்டியால் உறிஞ்சி வாளியில் துப்பத் தொடங்கினேன். விருந்தாளிகள் சிரித்தார்கள். முதலாவது வெறும் கசப்பு. இரண்டாவதில் தோடம்பழத் தோல் வாசம். மூன்றாவது சப்பென்று இருந்தது. நாலாவதுதான் சிறந்தது என்றேன்.

வீட்டில் சரசு வாயருகே மோந்து பார்த்தாள். "குடிச்சீங்களா?"

"இல்லடி, எல்லாத்தையும் துப்பிட்டேன்."

நம்பிச் சோறு போட்டாள். இப்போது தூங்குகிறாள்.

நாலாவதை நான் துப்பவில்லை. அதன் கசப்பு இன்னும் தொண்டையில் இருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.