தட்டின் இடது பாதி

இராயபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள ஜானட்டுக்கு, அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க அந்தோணியாரை வேண்டிக்கொள்கிறேன். எப்போதும் நாங்கள் நலம் என்றுதான் எழுதுவேன், இந்த முறை நான் என்று மட்டும் போட்டதைக் கவனித்திருப்பாய். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் உளறுவேன், அதனால்தான் கடிதம்.

போன மாதம் அம்மா சங்கரா மீன் ஆய்ந்தாள். தலைப் பக்கம் சுத்தமாக இருந்தது, இடது கைப் பக்கம் இருந்த வாலில் செதில் அப்படியே கிடந்தது. மீதியை எனக்கு விட்டுவைத்தாயா என்று கிண்டல் செய்தேன். "இன்னாய்யா, கண்ணு பூட்ச்சா ஒனக்கு, முச்சூடும் ஆஞ்சிதான கீது" என்றாள். பிறகு இரண்டு மூன்று தடவை இடது தோளைக் கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். முடக்குவாதம் பிடித்த உடம்பு தள்ளாடுகிறது என்று தைலம் தேய்த்துவிட்டேன். துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை எண்ணிச் சரிபார்த்தவன், வீட்டில் கோட்டைவிட்டேன். சென்ற வாரம் தட்டின் இடது பாதிச் சோற்றைத் தொடாமலே கை கழுவ எழுந்தாள். தட்டைத் திருப்பி வைத்தேன். "இன்னும் எதுக்கு சோறு போட்டுகினு கீற" என்று கேட்டாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன்.

ஸ்கேன் எடுத்து, முதுகுத்தண்டில் நீர் எடுத்துப் பார்த்து, மூளையில் வைரஸ், அதனால்தான் இரண்டு கண்ணிலும் இடது பக்கம் தெரியவில்லை, தெரியாததே அவளுக்குத் தெரியவில்லை என்றார்கள். பலர் உடம்பில் சும்மா கிடக்கிற கிருமிதானாம். வாதத்துக்கு ஆறு மாதத்துக்கொரு முறை ஏற்றிய மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்ததில் விழித்துக்கொண்டது. மிகமிக அபூர்வம் என்றார் டாக்டரம்மா. அபூர்வமாகவே இருந்துவிட்டுப் போகட்டும், நமக்கு வந்துவிட்டது. இதற்கென்று தனி மருந்து இல்லை. அந்த மருந்தை நிறுத்திவிட்டார்கள், உடம்பே தேறி எதிர்த்தால்தான் உண்டு. பார்வை திரும்புமா, உயிர் தங்குமா என்பது சில மாதம் போனால்தான் தெரியும். விரல்கள் மறுபடி வீங்கும் என்றதற்கு அம்மா, "வீங்கினா வீங்கட்டும், என் பொண்ணு மூஞ்சி முச்சூடும் தெரிஞ்சா போதும்" என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

மருந்து போடச் சொன்னது நீதான் என்று மனதுக்குள் குமையாதே. அதைப் போட்டதால்தான் உன் கல்யாணத்தன்று அவள் கையாலேயே உனக்குத் தலை பின்னினாள். உன் மாமியாரும் வாத மாத்திரை சாப்பிடுகிறார்கள், இதைக் கேட்டுவிட்டு அவர்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரைக் கேட்கச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. லீவு கிடைத்ததும் வா. வந்தால் அம்மாவுக்கு வலது பக்கமாக நில், மறந்துவிடாதே. மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா செல்வநாதன்

கீழே அம்மாவும் இரண்டு வரி எழுதியிருக்கிறாள். தாளின் இடது பாதி காலியாக இருக்கும். எழுத இடமே போதவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டாள்.