குறைத்த சோறு போன இடம்

என் பாக்கியத்துக்கு,

நீ போய் ஒரு மாதம் ஆகிவிட்டது. இன்று காலை இரண்டு இட்லி சாப்பிட்டேன். எழுதிவைக்க நீ இல்லை. நானும் எழுதவில்லை. எழுதி என்ன ஆகப்போகிறது?

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் மதுரை டாக்டர் ஒரு தாள் கொடுத்தாரே, இட்லிக்கு இத்தனை கலோரி, ஒரு கரண்டி சோற்றுக்கு இத்தனை என்று. அன்றைக்கே பாளையம்பட்டியில் ஒரு குயர் நோட்டு வாங்கினாய். எட்டாம் வகுப்போடு நின்றவள், கூட்டுவதில் என்னை மிஞ்சினாய். ஒரு கைப்பிடிக் கடலைக்கு இவ்வளவா என்று மூக்கின் மேல் விரல் வைத்தாய். கம்பங்கூழுக்கும் கணக்கு உண்டு என்று செம்பைப் பிடுங்கினாய். நான் எரிந்து விழுவேன். "திட்டுங்க, பரவாயில்ல. இன்னொரு கரண்டி மட்டும் கேக்காதீக" என்பாய்.

உலையில் போடும் அரிசியை மட்டும் நீ குறைக்கவில்லை. நம் பருத்திக்கொட்டைக் கடைக்கு நரிக்குடிப் பக்கமிருந்து மத்தியானம் யாராவது வருவார்கள். "வாரவுகளுக்கு ஒரு வா சோறு இருக்கணும்ல?" என்பாய். யாரும் வராத நாளில் நான் தள்ளிய சோறு, தொடாத வடை, சம்பந்தி வீட்டுக் கருப்பட்டிச்சேவு எல்லாம் உன் தட்டுக்குப் போயின.

"அம்புட்டையுமா திங்கப் போற?" என்று ஒருநாள் சிரித்தேன்.

"மழை பாக்காத ஊர்ல சோத்தத் தூரப் போடச் சொல்றீகளா?"

நியாயமாகப் பட்டது. படுபாவி, எனக்கு நியாயமாகப் பட்டது!

காலில் புண் ஆறாமல் உன்னை மதுரைக்குத் தூக்கிப்போனோம். "இவங்களுக்கு எத்தனை வருஷமா சுகர்?" என்றார் டாக்டர். "எனக்குத்தான் சார் சுகர்" என்றேன். அவர் உன் ரத்தப் பரிசோதனைத் தாளை என் பக்கம் திருப்பினார். பதினோராம் நாள் உன்னை வேனில் கொண்டுவந்தேன்.

நான்கு வருஷத்து நோட்டுகளையும் புரட்டினேன். என் வாய்க்குள் போன ஒவ்வொன்றும் இருக்கிறது. உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. கால் எரிகிறது என்று நீ ஒருநாளாவது ஏன் சொல்லவில்லை? சொன்னாயா, நான்தான் காதில் வாங்கவில்லையா?

என் ரத்தம் இப்போது நன்றாக இருக்கிறதாம். வெட்கமாக இருக்கிறது பாக்கியம்.

நேற்று நம் மகள் செல்வி, பேரன் மிச்சம் வைத்த சோற்றை வழித்து வாயில் போட்டாள். "ஏத்தா, கீழ வையி!" என்று கத்திவிட்டேன். பிள்ளை பயந்து அழுதான். அவளும் அழுதாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவளைக் கூட்டிப்போய் ரத்தம் பார்க்கிறேன். இனி அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று தினமும் பார்ப்பேன். இது சத்தியம். உன் தட்டைத்தான் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

உன் ஆயுசையும் சேர்த்துத் தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கும்
உன் வீட்டுக்காரன்