கேள்வி கேட்காத கம்பெனி

14-9, ஞாயிறு

இன்றைக்கும் பெட்டி வந்தது. கூரியர் அருள்மணிக்கு எங்கள் தெருவில் வேறு வேலையே கிடையாது. கொண்டுவந்து கொடுக்க ஒரு நடை, திரும்ப எடுத்துப்போக ஒரு நடை. "ஆயா, உங்க வூட்டுக்குன்னே தனியா ஒரு வண்டி வுடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டிக்குள் கூடாரம். என் மகன் கோகுல்ராஜுக்கு வீடு இருக்கிறது. மாடி வைத்த வீடு, அவன் அப்பா கட்டியது. அது போதவில்லை. சிநேகிதர்களோடு ஜவ்வாது மலைக்குப் போய்த் துணி வீட்டில் படுக்கப் போகிறானாம். வயது நாற்பத்திரண்டு.

"இவ்ளோ செலவு எதுக்குடா?" என்றேன்.

"செலவே இல்லம்மா. போய்ட்டு வந்து திருப்பிடுவேன்."

"நீ படுத்து எழுந்தத எவன்டா திரும்ப வாங்குவான்?"

"முப்பது நாள் டைம் குடுத்துகிறாங்கம்மா. புடிக்கலன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், காசு வந்துடும். கேள்வியே கேக்க மாட்டாங்க. அது அவங்க பாலிசி."

கேள்வி கேட்காத இடத்தை இந்த அறுபத்தெட்டு வயதுக்கு நான் பார்த்ததில்லை. தாய் வீட்டுக்குப் போனால்கூட, ஏன் தனியாக வந்தாய் என்று கேட்பார்கள்.

16-9

முட்டி வலி. வேறொன்றும் இல்லை.

22-9, திங்கள்

மலையிலிருந்து வந்துவிட்டான். இன்று புடவை வியாபாரத்துக்கு லீவு. கூடாரத்துக்குத் தலைக்குளியல்.

ஷாம்பு போட்டு அலசினான். மாடியில் விரித்துக் காயப்போட்டான். எதிர்வீட்டில், "பந்தல் போடறீங்களே, இன்னா விசேஷம்?" என்று கேட்டார்கள். "மகன் கொழந்தைக்குக் காது குத்து" என்று சொன்னேன். அவன் குழந்தை இனியா வேலூரில் காலேஜ் படிக்கிறாள். கேட்டவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை.

பிறகு மலைக்குப் போட்டுப்போன ஷூவைப் பல் விளக்குகிற பிரஷ்ஷால் தேய்த்தான். தன் பனியனை ஒருநாள் அலசிப் போட்டிருப்பானா? நெருப்புப் பொறி பட்டுக் கூடாரத்தில் ஒரு பொத்தல் விழுந்திருந்தது. அது உள்பக்கம் போகிற மாதிரி மடித்தான். புடவை மடித்துப் பழகிய கை, அது தெரிந்தது.

"பாவம்டா அந்தக் கம்பெனி" என்றேன்.

"அவன் இன்னாம்மா, தூக்கியா போடறான்? தொடச்சி, போட்டோ புடிச்சி, பழசுன்னு கம்மி வெலைக்கி வித்துடுவான். நானே அதுலதான் வாங்கறேன்."

போனில் காட்டினான். உண்மைதான். ஒவ்வொரு சாமானுக்கும் அதன் காயத்தோடு சேர்த்துப் படம். இந்த ஷூவின் குதிகால் தேய்ந்திருக்கிறது, இந்தப் பையின் வார் பிரிந்திருக்கிறது என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். பெண் பார்க்க அனுப்புகிற போட்டோவில்கூட இவ்வளவு உண்மை இருக்காது.

25-9, வியாழன்

அடுத்த பெட்டி. மலை ஏறுகிறவர்கள் ஊன்றுகிற கம்பு, ஒரு ஜோடி. இதுவும் பழசுதான். பௌர்ணமிக்குப் பர்வதமலை ஏறப் போகிறானாம். கறுப்பு நிறம். மடக்கினால் முழம், நீட்டினால் என் மார்பு உயரம். பிடி தக்கையில் செய்தது. டக் டக்கென்று நீட்டிப் பார்த்துவிட்டு மூலையில் சாத்திவிட்டான். அதுவும் திரும்பிப் போகிற விருந்தாளிதான்.

26-9

கோகுல் தறிக்காரர்களைப் பார்க்கப் போய்விட்டான். மருமகள் சுபத்ரா பள்ளிக்கூடம் போய்விட்டாள், டீச்சர். வீட்டில் நானும் கம்பும்.

சும்மா பிடித்துப் பார்த்தேன். சும்மாதான். கூடத்திலிருந்து மாடிப்படி வரை நடந்தேன். பிறகு மாடிப்படியில். பிறகு மொட்டை மாடி. முட்டி வாயைத் திறக்கவில்லை.

டாக்டர் எழுதிக்கொடுத்த கைத்தடி ஒன்று கதவுக்குப் பின்னால் இருக்கிறது. அடியில் மூன்று கால். அதில் நான் ஈரத் துண்டு காயப்போடுகிறேன், அதற்கு நல்ல தடி. அது கிழவிகள் ஊன்றுவது. இது மலை ஏறுகிறவர்கள் ஊன்றுவது. இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது.

போன வருடம் கார்த்திகை தீபத்துக்கு தேவிகாபுரம் மலைக்கோயில் ஏறும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டேன். "கற்பூரத்த பஸ்ஸுலயே வெச்சிட்டேன், நீங்க போங்க" என்று சொன்னேன். கற்பூரம் என் மடியில்தான் இருந்தது. என் ஓரகத்தி சின்னக்கண்ணு அதைப் பார்த்துவிட்டாள். பார்த்ததை அவள் தன்னோடு வைத்துக்கொள்கிறவளா? ஊரே சொல்லிச் சிரித்தது.

இந்த வருடம் ஏறியாக வேண்டும். உச்சிவரைக்கும். அவள் கண் முன்னால்.

28-9, ஞாயிறு

வீட்டில் தாண்டவம். கோகுல் ஆன்லைனில் விற்ற பட்டுப்புடவை ஒன்று சென்னையிலிருந்து திரும்பி வந்துவிட்டது. அவன் புடவை விற்கிற ஆப்பிலும் அதே திருப்புகிற பாலிசிதான். 'கலர் பிடிக்கவில்லை' என்று எழுதியிருக்கிறார்கள். உதறினால் காய்ந்த மல்லிகை உதிர்ந்தது. கொசுவத்தில் சந்தனம். முந்தானையில் சாம்பார்.

"மனசாட்சி கீதா இந்த ஜனங்களுக்கு? கட்டிகினு, பந்தியில குந்தி சாப்ட்டுகினு, போட்டோவும் புடிச்சிகினு, இப்ப கலர் புடிக்கலயாம்! பேஜாரா போச்சி!"

நான் சுபத்ராவைப் பார்க்கவில்லை. சுபத்ரா என்னைப் பார்க்கவில்லை. அவள் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. நடுவில் சிரிப்புச் சத்தம் மாதிரி ஏதோ கேட்டது.

"ஷாம்பு போட்டு அலசாம அனுப்பிட்டாங்களேடா, வெவரம் தெரியாத ஜனங்க" என்றேன்.

அவன் புடவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

1-10, ஆயுத பூஜை

விடிவதற்குள் தலைக்குக் குளித்து எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டேன். பைக், சுபத்ராவின் ஸ்கூட்டி, கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, அரிவாள்மனை, கோகுல் புடவைக்குப் படம் எடுக்கிற விளக்கு. மூலையில் இருந்த கம்பு இரண்டுக்கும் பிடியில் பொட்டு. வீட்டில் வேலை செய்கிற சாமான் எதையும் விடக்கூடாது. என் மாமியார் சொல்லிக்கொடுத்த பழக்கம்.

கோகுல் எழுந்து வந்து பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டான்.

"யம்மா! இது திருப்பற சாமான்மா!"

"கம்பு ஆயுதம் இல்லியாடா?"

"பொட்டு வெச்சத எப்டிம்மா திருப்பறது?"

"படுத்து எழுந்தது போச்சி. பொட்டு போகாதா?"

ஈரத்துணியால் துடைத்தான். சந்தனம் போய்விட்டது. குங்குமம் போகவில்லை, தக்கைக்குள் இறங்கிவிட்டது. சோப்பு, எலுமிச்சம்பழம், சுபத்ராவின் நகப்பூச்சு அழிக்கிற தண்ணீர், எல்லாம் போட்டான். தேய்க்கத் தேய்க்க இன்னும் அழகாகச் சிவந்தது. பூஜை நாளில் இவ்வளவு பக்தியாக அவன் எதையும் தேய்த்துப் பார்த்ததில்லை.

தெரியாமல் வைத்தேனா? தெரிந்தா? நாளைக்கு யோசிக்கலாம்.

9-10, வியாழன்

பர்வதமலை போய்வந்து இரண்டு நாளாகக் கட்டிலை விட்டு இறங்கவில்லை. மலையையே முதுகில் தூக்கி வந்தவன் மாதிரி முனகல். ஆனால் திருப்புகிற வேலை மட்டும் நிற்கவில்லை. இன்று அருள்மணி கம்பை எடுத்துப்போக வந்தார்.

அவர் பெட்டியைத் திறந்து சரிபார்க்கும்போது பிடியைத் தடவினார். "இன்னா சார், பூஜ போட்ட சாமானா?"

"வரும்போதே அப்டித்தான் இருந்துது" என்றான் என் பிள்ளை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

அருள்மணி என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

'எனக்கு வேணும்டா.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. நாக்கு நுனி வரை வந்தது. நான் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள், புருஷன் போன பிறகு தனியாகத் தறி வைத்து இவனை எம்.காம். படிக்கவைத்தவள், யாரிடமும் கை நீட்டியதில்லை. இப்போது போய், எனக்கு ஊன்றிக்கொள்ளக் கம்பு வேண்டும் என்றா? பெற்ற பிள்ளையாகவே இருக்கட்டும்.

பெட்டியை ஒட்டிவிட்டார்கள். வண்டி போய்விட்டது.

போகட்டும். நன்றாகப் போகட்டும்.

15-10

காசு திரும்பி வந்ததாம். பிரியாணி வாங்கி வந்தான். நான் ரசம் ஊற்றிச் சாப்பிட்டேன்.

1-11, சனி

சின்னக்கண்ணு போன் பண்ணினாள். நலம் விசாரிக்கவாம். "இன்னாக்கா, தீபத்துக்கு வர்றியா? இந்த வருசம் பாதி மலையா, முழு மலையா?"

"நீ மூச்சு வாங்காம ஏறி வா, உச்சியில பாக்கலாம்" என்றேன்.

வாய்க்கு மட்டும் முட்டியே இல்லை.

2-11, ஞாயிறு

மொட்டை மாடியில் ஒட்டடைக் கம்பை ஊன்றி ஏறி இறங்கிப் பழகினேன். அது வழுக்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், துணி எடுக்க வந்த சுபத்ரா நிற்கிறாள்.

"ஒட்டட அடிக்கிறேன்" என்றேன்.

"மொட்டை மாடியிலயா அத்தே?"

மேலே வானம்.

அவள் ஒட்டடைக் கம்பை வாங்கிக்கொண்டாள். "அந்தக் கம்பு வந்தப்போ நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? அவர் திருப்பியே இருக்க மாட்டார்."

"நான் கேட்டுப் பழக்கமில்ல."

"தெரியும். அவரும் அப்டித்தான், கேக்கவே மாட்டார். இந்த வூட்ல யாருமே கேக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டுத் துணியை மடிக்க ஆரம்பித்தாள். கோபமா, வருத்தமா? பதினெட்டு வருடம் பிள்ளைகளுக்கு டீச்சராக இருந்தவள், முகத்தில் ஒன்றும் தெரியவிடவில்லை.

9-11, ஞாயிறு

கம்பெனிக்காரன் விழித்துக்கொண்டான்! அடிக்கடி திருப்புகிறபடியால் கோகுல்ராஜ் வாங்குகிற எதையும் இனித் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம். போனில் செய்தி வந்திருக்கிறது.

"கஸ்டமருக்கு மரியாதையே இல்லம்மா!" என்று குதிக்கிறான். குதிக்கும்போதே நொண்டுகிறான். காரணம், நேற்று வந்த புது மலை ஷூ அளவு சின்னது, காலைக் கடிக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜமாகவே திருப்ப வேண்டிய சாமான். திருப்ப முடியாது. எவ்வளவு நல்ல கம்பெனி!

சாயந்தரம் சுபத்ரா சமையலறையில் தன் போனை என் முன்னால் வைத்தாள். அந்தப் பழைய சாமான் விற்கிற பக்கம். கம்பு, கம்பு, கம்பு. எல்லாம் கறுப்பு, எல்லாம் ஒரே ஜாடை.

"இதுல எது அத்தே?" என்றாள்.

அடுப்பில் பால் இருந்தது. பாலைப் பார்க்கிற மாதிரி நின்றேன். அவள் நகரவில்லை. பால் பொங்கியது, அவளே கை நீட்டி அடுப்பை அணைத்தாள். மறுபடியும் போனைத் தள்ளினாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு ஜோடியின் கீழே எழுதியிருந்தது: 'பிடியில் லேசான சிவப்புக் கறை. மற்றபடி நல்ல நிலை.'

கறையாம். ஆயுத பூஜைப் பொட்டு அவர்களுக்குக் கறை.

விரலை வைத்தேன்.

"இதுதான்" என்றேன்.

14-11, வெள்ளி

அருள்மணி கொண்டுவந்தார். கையில் வாங்கிப் பிரித்தேன். அவருக்கு முழி பிதுங்கியது. "ஆயா, இது போன மாசம் நான் எடுத்துகினு போனதாச்சே!"

"ஆமாம்பா. குடோன சுத்திப் பாத்துட்டு வந்துகீது."

கோகுல் வந்தான். பிடியைப் பார்த்தான், பொட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், கடைசியில் சுபத்ராவைப் பார்த்தான். வால் அறுந்த பல்லி மாதிரி நின்றான். கேலி பண்ணத் தயாராக இருந்தேன், நிறைய யோசித்தும் வைத்திருந்தேன். ஆனால் அவன் என் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

"முட்டி அவ்ளோ வலியாம்மா? எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ கேட்டிருக்கலாமேடா."

கேள்வி கேட்காத பாலிசியைக் கம்பெனிக்காரன் எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் கற்றிருப்பான்.

3-12, கார்த்திகை தீபம்

காலையில் ஆரணியிலிருந்து தேவிகாபுரம் பஸ். நான், கோகுல், சுபத்ரா. சென்னையிலிருந்து திரும்பி வந்த அந்தப் பட்டுப்புடவையை நான் கட்டிக்கொண்டேன். சாம்பார் பட்ட முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டேன். சிவப்புக் கறைக் கம்பு, சாம்பார்க் கறைப் புடவை. போய்த் திரும்பி வந்ததெல்லாம் ஒரே உடம்பில்.

அடிவாரத்தில் சின்னக்கண்ணு காத்திருந்தாள். கண் நேராகக் கைக்குத்தான் போனது. "இன்னாக்கா, கம்பு ஊன ஆரம்பிச்சிட்டியா?"

"இது கம்பு இல்லடி. மலை ஏறுற சாமான். பர்வதமலையே ஏறிட்டு வந்துகீது. வா, ஜல்தியா ஏறு."

ஏறினேன். இரண்டு கையிலும் இரண்டு. போன வருடம் உட்கார்ந்த கல் வந்தது. அதைத் தாண்டினேன். பின்னால் சின்னக்கண்ணுவுக்கு மூச்சு இரைக்கிற சத்தம் கேட்டது. இந்த வருடக் கார்த்திகைக்கு எனக்கு வேறு மேளமே வேண்டாம்.

திரும்பிப் பார்த்தால் அதே கல்லில் கோகுல். கடிக்கிற ஷூவோடு உட்கார்ந்திருக்கிறான். "போன் ஒண்ணு வருதும்மா, நீங்க போங்க" என்றான். போன் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது, சத்தமில்லாமல்.

என் வயிற்றில் பிறந்தவன்தான், சந்தேகமே இல்லை.

நாலு படி இறங்கிப் போய் ஒரு கம்பை நீட்டினேன். "எழுந்து வா. கீழ போனதும் திருப்பிக் குடுத்துடணும். நான் கேள்வி கேப்பேன்."

வாங்கிக்கொண்டான். ஆளுக்கு ஒரு கம்போடு உச்சி வரை ஏறி விளக்கு ஏற்றினோம்.

இறங்கும்போது எனக்கு ஒரு படி முன்னால் அவன் இறங்கினான். நடுவில் நின்று, திரும்பாமலே கேட்டான்.

"முட்டி வலிக்குதாம்மா?"

"வலிக்குதுடா" என்றேன்.

தோளைக் காட்டினான். பிடித்துக்கொண்டு இறங்கினேன்.